இருக்கிற காச சம்ப்புக்க போடுறதா, ரீமெப்பில போடுறதா, ரீகண்டிஷன் எஞ்சினில போடுறதா? ஒரு ஹைலக்ஸ் கணக்கு

மனிசின்ர தம்பி போன மாசம் சீட்டு எடுத்தவன். எடுத்த கையோட வெள்ளவத்தைக்கு வந்து, எங்கட ஒழுங்கையில வாகனம் விட இடமில்லாம மெரைன் டிரைவில நிப்பாட்டிட்டு, நாலு மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு கேட்ட முதல் கேள்வியே "அத்தான், எஞ்சினுக்கு என்ன செய்வம்?" எண்டுதான், தேத்தண்ணி கூட இன்னும் வரேல்ல. அவன்ர கெப் 2009 ஹைலக்ஸ் டபுள் கெப், 3.0 டி-ஃபோர்-டி, உள்ளுக்குக் கிடக்கிறது 1கேடி எஞ்சின், மீற்றர் 2,60,000 தாண்டிட்டுது. வத்தளையில கடை, டைல்ஸும் பாத்ரூம் சாமானும், கிழமைக்கு ரெண்டு தரம் அவிசாவளை, கித்துள்கலப் பக்கத்தால ஹட்டனுக்கு லோட் ஏத்திக்கொண்டு போறவன். கொஞ்ச நாளா காலமை ஸ்டார்ட் பண்ணேக்க ஒரு டிக் டிக் சத்தம், ஏத்தத்தில முந்தின இழுவை இல்ல, ஒயில் மாத்தி ரெண்டு நாளில தார் மாதிரிக் கறுத்துப்போகுது எண்டு முறைப்பாடு.

அவனுக்கு ஆளாளுக்கு ஒவ்வொண்டு சொல்லியிருக்கினம். கிராண்ட்பாஸில வழமையா வேலை செய்யிற மெக்கானிக் பாஸ் சொன்னாராம் டீசல் அடிக்கிற இன்ஜெக்டர் கழட்டி சீல் மாத்தி, எஞ்சினுக்கு அடியில ஒயில் நிக்கிற தட்டு, அதான் சம்ப், அதையும் இறக்கிப் பாப்பம் எண்டு. ஃபோனில பழக்கமான ஒரு பொடியன் லெப்டொப்போட வாறன், அரை நாளில எஞ்சின் கம்பியூட்டரின்ர கணக்க மாத்தி ரீமெப் அடிச்சுத் தாறன், கெப் பறக்கும் எண்டானாம். பஞ்சிகாவத்தையில ஒருத்தர் ரீகண்டிஷன் ஜப்பான் எஞ்சின் ஒண்டு வந்து கிடக்கு, ரெண்டு நாளில பூட்டலாம், கரைச்சல் முடிஞ்சுது எண்டாராம். எங்கட மாமா வழக்கம்போல "வித்துப்போட்டுப் புதுசா ஒண்டு எடன்ரா". சீட்டுக் காசு ஒண்டு, வழி நாலு.

மாமாட வழிய முதல்ல முடிச்சுவிடுவம். 2020 மார்ச்சில வாகன இறக்குமதிய நிப்பாட்டி, தனியார் வாகனத்துக்கு 2025 பெப்ரவரியிலதான் திறந்தவங்கள், இடையில கிட்டத்தட்ட அஞ்சு வருசம் இருந்த பழைய கெப்ப வச்சுத்தான் நாடே ஓடினது. இப்ப திறந்து கிடந்தாலும் வரியோட சேத்துப் பாத்தா இவன்ர சீட்டுக் காசு முற்பணத்துக்கே காணாது. அதவிட புதுசில வாறது 2.8 லீற்றர் 1ஜிடி எஞ்சின், அதுக்கு டிபிஎஃப் எண்டு ஒரு புகைக்கரி பில்டர் வரும், சேர்ற கரிய எரிக்க அது 600 பாகை கிட்ட சூடேற வேணும், காலி வீதியில பம்பர் முட்ட ஊர்ந்து போறவனுக்கு அது எங்க சூடேறப்போகுது. இவனுக்கு மலை ஓட்டம் இருக்கிறதால அது பெரிய பிரச்சினை இல்ல, காசுதான் பிரச்சினை. விடுவம்.

மிச்சம் மூண்டு வழியையும் ஒப்பிடுறதுக்கு முதல் இந்த எஞ்சின் என்ன சாதி எண்டு ஒருக்கா கதைக்க வேணும், ஏனெண்டா இங்க கனபேர், பாஸ்மார் உட்பட, இன்னும் 2எல், 3எல், 5எல் காலத்து மண்டையோடதான் இதப் பாக்கினம். அந்தப் பழைய ஹைலக்ஸ் எஞ்சினில டீசல் நேரா சிலிண்டருக்க போகாது, ஹெட்டில இருக்கிற சின்ன அறைக்க அடிச்சு அங்க பத்தித்தான் கீழ வரும், பம்ப் முழுக்க மெக்கானிக்கல், ஸ்பெனரும் பொறுமையும் இருந்தா ரோட்டோரத்தில வச்சே செய்யலாம். 1கேடி டிரெக்ட் இன்ஜெக்ஷன் கொமன் ரெயில், டீசல நேரா சிலிண்டருக்க அடிக்கும், நாலு இன்ஜெக்டருக்கும் டீசல் ரெயில் எண்ட ஒரே குழாயில இருந்து போகும். 2,982 சிசி, 171 குதிரைவலு, 343 நியூட்டன் மீற்றர் டோர்க், டர்போவுக்க எக்ஸோஸ்ட் காத்துப் போற வழிய ஒடுக்கி அகலமாக்கிற குட்டி இறகுகள். ரெயிலுக்க நிக்கிற டீசல் அமுக்கம் ஐடிலில, அதாவது கால் வைக்காம சும்மா ஓடேக்க, 300 பார் கிட்ட, முழு லோட்டில 1,600 பார் வரைக்கும் போகும். டயருக்கு நாங்க அடிக்கிற காத்து ரெண்டு பார் சொச்சம், அத நினைச்சுப் பாருங்கோ. பழைய பாஸ்மார் எந்த சிலிண்டர் வேலை செய்யேல்ல எண்டு பாக்க எஞ்சின் ஓடேக்கயே இன்ஜெக்டர் பைப் நட்ட லூஸ் பண்ணிப் பாப்பினம், 2எல்லில அது பகிடி, இதில செய்தா டீசல் தோலுக்குள்ளால பூந்து கை போயிடும். உங்கட பாஸ் அதுக்குக் கை வைக்கப் போறார் எண்டா அந்த இடத்திலயே கும்பிட்டுட்டு வெளிக்கிடுங்கோ.

இந்த எஞ்சின சாகடிக்கிறது பெரிய விசயமே இல்ல, ஒரு சின்ன வாஷர். ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் அடியில ஒரு கொப்பர் வாஷர் இருக்கு, எரியிற அறைய அடைச்சு வைக்கிறது அதுதான். அது தேஞ்சு லீக் அடிக்கத் தொடங்கினா எரிஞ்ச காத்தும் கரியும் இன்ஜெக்டர் ஓரத்தால மேல ஏறி எஞ்சின்ர மேல் மூடி, ரொக்கர் கவருக்குள்ள வரும், அங்க ஒயிலோட கலந்து வெந்து தார் மாதிரிக் கட்டியாகி, கட்டி உடைஞ்சு துண்டு துண்டா சம்ப்புக்க விழும், சம்ப்பில ஒயில் உறிஞ்சிற வாயில ஒரு வலை இருக்கு, கடைசியில எல்லாம் போய் ஒட்டுறது அந்த வலையிலதான். வலை அடைபட்டா ஒயில் ஏறாது. ஒயில் ஏறாட்டி முதல் போறது டர்போ, நிமிசத்துக்கு ஒரு லட்சம் சுத்துக்கு மேல சுத்திற சாமான் அது, ஒயில் படலம் ஒண்டிலதான் மிதக்குது. அடுத்தது பெயாரிங், கிரேங்க். ஆக்கள் "டர்போ அடிச்சிட்டுது" எண்டு டர்போவ மட்டும் மாத்துவினம், வலை அடைபட்டபடியே கிடக்கும், ரெண்டு மாசத்தில புது டர்போவும் போகும், பேந்து டர்போ வித்தவனோட சண்டை.

அதால கிராண்ட்பாஸ் பாஸ் சொன்ன வழியத்தான் முதல் பாப்பம் எண்டு நானும் கூடப் போனனான். காலமை குளிரா இருக்கேக்க ஸ்டார்ட் பண்ணி பொனட்டத் திறந்து காது குடுத்தா, டிக் டிக் சத்தத்துக்குப் பின்னால "சஃப் சஃப்" எண்டு ஒரு காத்துச் சத்தம் கேட்டது, சூடேற ஏறக் குறைஞ்சு போச்சு. எனக்கு அதிலயே பாதி விளங்கிட்டுது. ரொக்கர் கவரக் கழட்ட, ரெண்டாவது மூண்டாவது இன்ஜெக்டரச் சுத்தி கருப்பட்டி காய்ச்சின சட்டி அடி மாதிரிக் கிடந்தது. பேந்து அடி சம்ப் இறக்கினது. பாஸ் வலைய ஒரு விரலால தடவி, விரல என்ர மூக்குக்கு முன்னால பிடிச்சு "மாத்தயா, மே பலன்ன" எண்டார், ஐயா இதப் பாருங்கோ எண்டு. பாத்தா வலையில பாதிக்கு மேல அடைப்பு, கறுத்த பிஸ்கட் துண்டு மாதிரி, நகத்தால சுரண்டினா மொறுமொறுப்பா உதிருது. அதுக்குள்ள ஒரு சிலிக்கன் துண்டும் கிடந்தது, முந்தி யாரோ சம்ப் கழட்டிப் பூட்டேக்க சிலிக்கன அள்ளி அப்பியிருக்கினம், மிச்சம் உள்ளுக்குப் பிதுங்கி அறுந்து விழுந்து வலைக்கு வந்திருக்கு. மச்சானுக்கு முகம் செத்துப்போச்சு. நான் சொன்னன் "டேய், இது நல்ல செய்தி, இது இப்ப அம்பிட்டது, ஹட்டன் போற வழியில கினிகத்தேனை ஏத்தத்தில அம்பிடேல்ல".

இந்த வேலைக்கு என்ன என்ன பிடிக்கும் எண்டா, நாலு இன்ஜெக்டருக்கும் புது வாஷர், மேல் சீல், மிஞ்சின டீசல் திரும்பிப் போற பைப்பின்ர லீக்-ஓஃப் வாஷர், சம்ப் சிலிக்கன், ஒயில், பில்டர், ரெண்டு நாள் கூலி. வாஷரத் திருப்பிப் போடுறது, நெருப்பில சுட்டு இளக்கிப் போடுறது எல்லாம் பழைய எஞ்சினுக்கு, இதில வேண்டாம். இன்ஜெக்டர் இருக்கிற குழிய வடிவா கட்டர் போட்டுத் துப்புரவாக்காம புது வாஷரப் போட்டா அது ஒரு மாசமும் நிக்காது, கன கராஜுகளில தவற விடுறது இதத்தான். ரூபா கணக்கு நான் எழுதேல்ல, டொலர் ஏறி இறங்கிற நாட்டில ரெண்டு மாசத்தில பழசாயிடும், ஆனா ஒப்பிட்டுச் சொல்லலாம்: இந்த முழு வேலைக்கும் போன காசு ஒரு ஒரிஜினல் புது இன்ஜெக்டரின்ர காசுக்குக் கிட்டவும் வரேல்ல.

இன்ஜெக்டர் மாத்துறதா விடுறதா எண்டது வேற கேள்வி, அதக் காதால முடிவெடுக்கக் கூடாது. ஸ்கேனரப் போட்டு சூடான எஞ்சின ஐடிலில விட்டா ஒவ்வொரு சிலிண்டருக்கும் இன்ஜெக்ஷன் ஃபீட்பேக் எண்டு ஒரு இலக்கம் காட்டும், எஞ்சின் ஒரே சீரா ஓட எந்த சிலிண்டருக்கு எவ்வளவு கூட்டிக் குறைக்குது எண்ட கணக்கு அது. கூட்டலிலயோ கழித்தலிலயோ 3க்குள்ள நிண்டா சமாளிக்கலாம், தாண்டினா அந்த இன்ஜெக்டரக் கழட்டி பெஞ்சில டெஸ்ட் பண்ண வேணும். மச்சான்ர மூண்டாவது 2.7 காட்டினது, மிச்சம் எல்லாம் ஒண்டரைக்குள்ள. விட்டிட்டம், ஆறு மாசத்தில திரும்பப் பாப்பம். புதுசு போட்டா அதின்ர தலையில பொறிச்சிருக்கிற நீளக் கோட ஈசியூ எண்ட எஞ்சின் கம்பியூட்டருக்குள்ள அடிக்க வேணும், அடிக்காம விட்டா பழைய இன்ஜெக்டரின்ர கணக்கில புதுசு ஓடும், புகையும் சத்தமும் வரும், கடைசியில "சாமான் டுப்ளிகேட்" எண்டு கடைக்காரனுக்குப் பேச்சு விழும்.

சும்மா ஸ்டோக்கா, கொம்பனி விட்டபடியே வச்சுப் பராமரிக்கிறது எண்டா ஆக்களுக்கு சப்பெண்டு இருக்கு, ஆனா இந்த எஞ்சினில பாதி இழுவை பராமரிப்பிலதான் ஒளிஞ்சு கிடக்கு. ஒயில் 5,000 கிலோமீற்றருக்கு மேல நான் விடுறதில்ல, பில்டரோட ஏழு லீற்றருக்குக் கொஞ்சம் குறையப் பிடிக்கும். இங்கத்தை ஒட்டோ டீசலில கந்தகம் சுப்பர் டீசல விடக் கூட, அது எரிஞ்சு அமிலமாகி ஒயிலின்ர சத்த தின்னும், அதால வெளிநாட்டுக் கணக்கப் பாத்து 15,000 ஓட்டுறவனப் பாத்து நீங்க ஓடாதீங்கோ. டைமிங் பெல்ட் 1,50,000க்கு ஒருக்கா, டேஷ்போர்டில லைட்டும் எரியும், இவனுக்கு அடுத்தது 3 லட்சத்தில. பழைய கெப் வாங்கிற ஆக்கள் அந்த லைட் ரீசெட் மட்டும் பண்ணினதா, உண்மையா பெல்ட் மாத்தினதா எண்டு கவரக் கழட்டிப் பாருங்கோ.

டீசல் விசயத்தில என்ர சொந்தக் கதை ஒண்டு இருக்கு. 2022இல வரிசையில நிண்டு நிண்டு வெறுத்துப்போய், கியூஆர் கோட் வர முதல், தெரிஞ்ச ஒருத்தரிட்ட பீப்பாவில இருந்த டீசல் நாப்பது லீற்றர் வாங்கி, இதே எஞ்சின் இருக்கிற என்ர கெப்புக்கு ஊத்தினனான். நல்ல டீசல் மாதிரித்தான் இருந்தது. ரெண்டு கிழமையில ஐடில் ஏறி இறங்கி ஆடத் தொடங்கி, கொம்பனித்தெரு லைட்டில நிண்டு போச்சு, பின்னால ஹோர்ன் மழை. ஸ்கேனில பி1229, அது ஹை பிரஷர் பம்ப் பக்கத்துக் கோட். எனக்கு வயித்தக் கலக்கிட்டுது, பம்ப் போச்சு எண்டு நினைச்சன். நல்லகாலம், பம்பில இருக்கிற எஸ்சிவி எண்ட சின்ன வால்வ்தான் ஊத்தையில இறுகினது, அத மாத்த சரியாப்போச்சு. ஆனா கொமன் ரெயில் பம்புக்கு ஒயில் எண்டு வேற இல்ல, டீசலேதான் அதுக்கு வழுக்கல், அதுக்குள்ள தண்ணி வந்தா இரும்போட இரும்பு உரசி, உரசின தூள் ரெயிலுக்கும் நாலு இன்ஜெக்டருக்கும் போய் மொத்தமா முடிஞ்சிடும். அதுக்குப் பிறகு ஒரிஜினல் பில்டருக்கு முன்னால தண்ணி பிரிக்கிற இன்னொரு பில்டர் பூட்டி, அடியில கண்ணாடிக் கிண்ணம் இருக்கிற சாதியாப் பாத்து, மாசம் ஒருக்கா திருகித் தண்ணி விடுறன். மாற்றம் செய்யோணும் எண்டு கை துடிக்கிற ஆக்களுக்கு நான் சொல்ற முதல் மொடிபிகேஷன் இதுதான், இதப் பூட்டினா ஒருத்தனும் திரும்பிப் பாக்கமாட்டான்.

ஈஜிஆர் பத்தியும் கேட்டவன். அடைச்சா நல்லமாமே அத்தான் எண்டு. ஈஜிஆர் செய்யிறது எக்ஸோஸ்ட் காத்தில கொஞ்சத்தத் திருப்பி உள்ளுக்கு அனுப்பி எரியிற சூட்டக் குறைக்கிறது, அதால நைட்ரஜன் ஒக்சைட் குறையும். குற்றம் என்னெண்டா அந்தக் கரியும் எஞ்சின் மூச்சு விடுற ஒயில் ஆவியும் இன்டேக் மனிஃபோல்டில சந்திச்சு ஒரு களி பிடிக்கும், மச்சான்ர வாய் ரெண்டு விரல் போற அளவுக்கு ஒடுங்கிக் கிடந்தது, ஏத்தத்தில இழுவை இல்லாததுக்கு அதுவும் ஒரு காரணம். பிளேட் போட்டு அடைச்சா களி குறையும், உண்மை. புகைப் பரிசோதனையிலயும் மாட்டாது, ஏனெண்டா இங்க டீசலுக்கு அளக்கிறது புகைக் கறுப்ப மட்டும்தான். ஆனா அந்த நைட்ரஜன் ஒக்சைட் எல்லாம் மருதானைச் சந்தியில நிக்கிற பிள்ளையின்ர மூக்குக்குத்தான் போகும், எனக்கு அது சரியாப் படேல்ல. நாங்க மனிஃபோல்டக் கழட்டி ஒரு நாள் ஊறவச்சுக் கழுவி, ஒயில் ஆவி பிடிக்கிற கேட்ச் கேன் ஒண்டு பூட்டினம். கேட்ச் கேன் பூட்டினா அத நினைவா வெறுமையாக்க வேணும், நிரம்பி அடைபட்டா எஞ்சினுக்குள்ள அமுக்கம் ஏறி சீலெல்லாம் கக்கும்.

இப்ப அந்தப் பொடியன்ர ரீமெப்.

நான் ரீமெப்புக்கு எதிரி இல்ல. ஒழுங்கா எழுதின ஒரு ஃபைல் 1கேடிக்கு இருபது வீதம் கிட்டக் கூடத் தரும், கீழ் ரெவ்வில இழுவை வந்தா கியர் மாத்துறது குறையும், ஓட்ட சுகம். ஆனா பவர் கூட்டுறம் எண்டு விக்கிற சாமான் மூண்டு சாதி, மூண்டும் ஒண்டில்ல. பெடல் பொக்ஸ் எண்டு ஒண்டு, எக்ஸிலேட்டர் பெடலுக்கும் ஈசியூவுக்கும் நடுவில பூட்டுறது, கால் பாதி அமத்த முக்கால் எண்டு சொல்லும், அவ்வளவுதான், ஒரு குதிரை கூட ஏறாது, காலக் கூட அமத்தினா ஃபிரீயாக் கிடைக்கிறத காசுக்கு விக்கினம். அடுத்தது டியூனிங் பொக்ஸ், இது ரெயில் பிரஷர் சென்ஸரின்ர வயரில இருந்துகொண்டு பொய் சொல்றது, ரெயிலுக்க அமுக்கம் குறைவு எண்டு ஈசியூவுக்குக் காட்டும், அது நம்பி இன்னும் ஏத்தும், அதால டீசல் கூடப் போகும். காத்து அதே காத்துத்தான். ரீமெப் எண்டா ஈசியூவுக்க இருக்கிற கணக்கையே மாத்துறது, எவ்வளவு டீசல், எப்ப, டர்போ தள்ளிற காத்து, அதான் பூஸ்ட், எவ்வளவு, புகை எல்லை எங்க எண்டு எல்லாத்தையும் ஒண்டுக்கொண்டு பொருந்தத் திருத்தலாம். திருத்தத் தெரிஞ்சவனா இருந்தா.

பொக்ஸ் நான் பூட்டிப் பாத்தவன், மறைக்கேல்ல. முதல் நாள் ஹைவேயில சந்தோசம். ரெண்டாம் மாசம் வருச லைசென்ஸுக்குப் புகைப் பரிசோதனைக்குக் கொண்டு போக, சைலன்சருக்க குழாய விட்டு எக்ஸிலேட்டர அமத்த, அங்க டெஸ்ட் பண்ணின பொடியன் மெசினப் பாக்கேல்ல, பின்னுக்கு வந்த கறுத்த மேகத்தத்தான் பாத்தான். ஃபெயில். வீட்டுக்கு வந்து பொக்ஸக் கழட்டிட்டு அடுத்த நாள் போக பாஸ். கொஞ்ச நாளில நாலாம் கியரில ஏத்தத்தில ரெவ் ஏறும் வேகம் ஏறாது, கிளச் வழுக்கத் தொடங்கிட்டுது, அந்தக் கிளச் 343 நியூட்டன் மீற்றருக்குச் செய்தது, அதுக்கு மேல கேட்டா அதென்ன செய்யும் பாவம்.

இதிலயும் கண்ணுக்குத் தெரியாத ஆபத்து சூடு. டீசல் எஞ்சினில டீசல் கூடக் கூட எக்ஸோஸ்ட் சூடும் கூடும், பிஸ்டன் அலுமினியம். பழைய பிஸ்டன், ஓரளவு தேஞ்ச இன்ஜெக்டர், அதுக்கு மேல ரீமெப் எண்டா பிஸ்டன் வெடிக்கிறதுக்குத் தேதி குறிக்கிற மாதிரி. அதால ரீமெப் செய்யிறதா இருந்தா முதல் எக்ஸோஸ்ட் சூட்ட அளக்கிற ஈஜிடி மீற்றர் ஒண்டு பூட்டுங்கோ, அதின்ர கம்பி டர்போவுக்கு முன்னால மனிஃபோல்டில ஏறோணும், பின்னால பூட்டினா நூறு பாகைக்கு மேல குறையக் காட்டி ஏமாத்தும். நான் வச்சிருக்கிற கணக்கு, 700 பாகை தாண்டி நிமிசக்கணக்கா நிக்க விடுறதில்ல. ஸ்டோக்கில லோடோட கினிகத்தேனை ஏறேக்க என்ர மீற்றர் 640, 650இல நிண்டது, பொக்ஸ் போட்டு அதே ஏத்தம் 780 தாண்டி ஏறிக்கொண்டே போக நான் கால எடுத்துட்டன், மனிசி பக்கத்தில இருந்து "ஏன் நிப்பாட்டுறீங்கள், நல்லாத்தானே போகுது" எண்டவ. அதுதான் விசயம், நல்லாத்தான் போகும்.

டர்போவால வாற சூட்டுக் காத்தக் குளிராக்கிற இன்டர்கூலரும் இதோட சேந்ததுதான். ஹைலக்ஸுக்கு அது எஞ்சினுக்கு மேல, பொனட்டில இருக்கிற வாயால காத்து வந்து படுற மாதிரி வச்சிருக்கிறான். வேகமா போகேக்க சரி. கொழும்பு 32 பாகை வெயிலில கொட்டாஞ்சேனையில இருந்து பேலியகொடைக்கு ஊர்ந்து போகேக்க அது கீழ இருக்கிற எஞ்சின் சூட்டத்தான் குடிக்கும். முன்னால கிரில்லுக்குப் பின்னால வைக்கிற பெரிய இன்டர்கூலர் உள்ள போற காத்தக் குளிராக்கும், ஈஜிடியும் இறங்கும், ஆனா பைப் நீளம் கூடுறதால கால் அமத்தினதுக்கும் இழுவைக்கும் இடையில ஒரு யோசிப்பு வரும், கிளாம்ப் கழண்டா நடுரோட்டில நிக்க வேணும். மலைக்கு லோட் போறவனுக்கு நான் ரீமெப்ப விட இதத்தான் முதல் சொல்லுவன். மூண்டு அங்குல எக்ஸோஸ்ட் குழாய் பூட்டினா, ரீமெப் இல்லாட்டி சத்தம்தான் மிச்சம்.

இன்னொண்டு, மாற்றம் செய்தத இன்சூரன்ஸுக்கு எழுத்தில சொல்லுங்கோ, சொல்லாம விட்டா கிளெய்ம் வாற நேரம் அது அவங்களுக்கு ஒரு சாட்டு.

பஞ்சிகாவத்தை எஞ்சினுக்கு வருவம். ரீகண்டிஷன் எண்டு சொல்றம், உண்மையில ஜப்பானில கழட்டி, கழுவி, பெயின்ட் அடிச்சு, பலகைக் கட்டில வந்து இறங்கின பாவிச்ச எஞ்சின், யாரும் உள்ளுக்கு ஒண்டும் செய்யிறதில்ல. 1கேடி ஹைஏஸ் வானுக்கும் வந்தது, பிராடோவுக்கும் வந்தது, பேர் ஒண்டா இருந்தாலும் சம்ப், மவுண்ட், வயரிங் எல்லாம் வேற வேற, மாத்தி மாத்திப் பூட்டி ரெண்டு நாள் வேலை ரெண்டு கிழமையான கதை எனக்குத் தெரியும். முக்கியமா, அதுக்குள்ளயும் அதே கொப்பர் வாஷர்தானே இருக்கு. நீங்க உங்கட சம்ப்புக்க என்ன கிடக்கெண்டு பயந்து, அடுத்தவன்ர சம்ப்பத் திறந்து பாக்காம வாங்கிறீங்கள். எடுக்கிறதெண்டா ரொக்கர் கவரும் சம்ப்பும் கழட்டிப் பாக்க விடுவியா எண்டு கேளுங்கோ, நாலு சிலிண்டரும் கொம்ப்ரெஷன் கிட்டக்கிட்ட இருக்கா எண்டு அளவுங்கோ, விடமாட்டன் எண்டா விலகிடுங்கோ. பேந்து, வாகனப் புத்தகத்தில எஞ்சின் நம்பர் இருக்கு, மாத்தினா மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போய்த் திருத்த வேணும், லீசிங்கில இருக்கிற வாகனமெண்டா அவங்கட கடிதமும் வேணும், இத விட்டா விக்கேக்க வாங்க வாறவன் கண்ணாடியப் போட்டுக்கொண்டு சேஸிக்குக் கீழ படுப்பான்.

பிஸ்டன் வெடிச்சு, கிரேங்க் கீறிப் போன எஞ்சின் எண்டாக் கூட, புளொக் நல்லா இருந்தா நான் லேத்துக்குக் குடுத்து திருப்பிக் கட்டுவன், ஒரு மாசம் வாகனம் இல்லாம இருக்கோணும், காசும் கிட்டத்தட்ட அதே காசு, ஆனா உள்ளுக்கு என்ன இருக்கெண்டு எனக்குத் தெரியும். கெப்ப நம்பித்தான் அண்டண்டு உழைப்பு எண்டவனுக்கு அந்த ஒரு மாசம் ஏலாது, அப்ப ரீகண்டிஷன்தான் வழி, அது குற்றமில்ல.

வேற கெப் வச்சிருக்கிற ஆக்கள் இந்தக் கணக்க அப்பிடியே தூக்கிப் போடக் கூடாது. எல்200இல வாற 4டி56க்கு காசு போடுற முதல் இடம் டைமிங் பெல்ட், அதுக்குப் பக்கத்தில பெலன்ஸ் ஷாஃப்ட் பெல்ட் எண்டு சின்னன் ஒண்டு இருக்கு, அது அறுந்து பெரிய பெல்ட்டுக்குள்ள போனா வால்வ் எல்லாம் போகும், ரெண்டையும் சேத்து மாத்துங்கோ. டி-மெக்ஸின்ர 4ஜேஜே1 செயின், ரீமெப்ப எல்லாரையும் விட நல்லாத் தாங்கும் எண்டு பேர். நவாராவின்ர வைடி25உம் செயின்தான், ஆனா அது இழுபட்டு நீளும், முன்பக்கத்தில சத்தம் கேட்டா ரீமெப் கதைய எடுக்காதீங்கோ.

மச்சான் கடைசியில என்ன செய்தான் எண்டா, சீல், சம்ப், மனிஃபோல்ட் கழுவல், தண்ணி பில்டர், கேட்ச் கேன், எல்லாம் முடிய சீட்டுக் காசில பாதி கூடப் போகேல்ல. மிச்சத்தில முன் இன்டர்கூலரும் ஈஜிடி மீற்றரும் பூட்டினவன். 1,000 கிலோமீற்றரில திரும்ப ஒயில் மாத்த வச்சன், பழைய கரி உள்ளுக்குக் கழுவுப்பட்டு வரும் எண்டு, அப்ப பில்டர வெட்டிப் பாத்தம், கொஞ்சம் கறுத்த மணல் கிடந்தது, இரும்புத்தூள் இல்ல. ரீமெப் பொடியன் இன்னும் ஃபோன் எடுக்கிறானாம். ஆறு மாசத்தில ஃபீட்பேக் இலக்கத்தப் பாத்துட்டு, மூண்டாவது சிலிண்டர் அதே இடத்தில நிண்டா, ஓடேக்க பதியிற இலக்கங்கள லோக் எடுத்துக் காட்டச் சொல்லி சின்னதா ஒரு ரீமெப் ஃபைல் போடலாம் எண்டு நான் சொல்லியிருக்கிறன்.

முந்தாநாள் எனக்கு கோல் ஒண்டு. "அத்தான், கினிகத்தேனையில நிக்கிறன், நிப்பாட்டிட்டுத்தான் எடுக்கிறன். ஃபுல் லோட். 610." எண்டான். டிக் டிக் சத்தம் எப்பிடி எண்டு கேட்டன். "எந்தச் சத்தம்?" எண்டான்.